எங்கள் வீட்டில் மூன்று பேரும் வாசிப்போம்

1

சென்ற மாதம் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் என்னை வரச்சொல்லியிருந்தார்கள். கந்தோரில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். மகளுக்கு ஏழு வயது. பெயர் பரீதா. அவளுடைய ரீச்சர் அவளை ஃப்ரீடா என்று கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் இரண்டொரு தடவை திருத்திப் பார்த்தேன். "ஆமாம், ஃப்ரீடா" என்றார். என் பெயர் ஆதம்பாவா. அது இந்த நாட்டில் மிஸ்டர் ஆடம் ஆகிவிட்டது. அதைத் திருத்த நான் முயலவில்லை.

ரீச்சர் நல்ல மனுஷி. என்னை ஒரு சிறு நாற்காலியில் இருத்திவிட்டு மகளைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். சந்தைக்குப் போன ஒரு கமக்காரன் படலையைப் பூட்ட மறந்துவிட்டான், ஆடுகள் வெளியே போய்விட்டன என்ற கதை. பரீதா எழுந்து நின்று வாசித்தாள். ஓரிடத்திலும் தடக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கேள்வி வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். வெள்ளைக்காரப் பிள்ளை வாசிக்கிறது என்றே கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் சொல்வார்கள்.

"ஆடுகள் ஏன் வெளியே போயின?" என்று ரீச்சர் கேட்டார்.

மகள் புத்தகத்தைப் பார்த்தாள்.

"படலையைப் பூட்டாமல் விட்டது யார்?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கதையின் முதல் வரியை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு ரீச்சர் என்னிடம் சொன்னார்: "வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் இவள்தான். ஆனால் வாசித்ததில் ஒன்றும் உள்ளே போகவில்லை. வீட்டில் ஒவ்வொரு நாளும் வாசித்ததைத் தன்னுடைய சொந்த வார்த்தையில் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளைகளுக்கு விளங்கத் தொடங்கும்."

பிறகு ஒரு மட்டையை எடுத்து, வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தைக் காட்டி, அதை நிரப்பித் தரும்படி கேட்டார். நான் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு சொல் எழுதினால் போதும். அந்த ஒரு சொல்லை ஏன் எழுத முடியாமல் போனது என்று சொல்வதற்குத்தான் இந்தக் குறிப்பு.

2

மகளுக்கு இருக்கும் இந்த நோய் எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தது.

சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு, பாதிரிமார் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் படித்தவன் நான். வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்த நாளில் இரண்டு பக்கத்தைப் புத்தகம் பார்க்காமலே ஒப்புவித்துப் பரிசு வாங்கினேன். வாசித்தது விளங்கியதா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதைக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. வாய் ஓடினால் அதுதான் வாசிப்பு.

பின்னேரங்களில் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பிடித்து இருத்துவார்கள். மட்டக்களப்பு பஸ்ஸில் வந்த ஆங்கிலப் பத்திரிகை கையில் கிடைக்கும்.

"ஆதம்பாவா, வாசி தம்பி. சத்தமா வாசி" என்பார் கடைக்காரர்.

நான் வாசிப்பேன். மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், மருதமுனையிலிருந்து துணி கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்:

"நல்லா வாசிச்சாய் மனே. இப்ப என்னவாம்?"

"நெல்லு விலையக் கூட்டப் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன். அந்தப் பக்கத்தில் இருந்தது நெல்லின் விலையா வேறெதுவுமா என்று எனக்கே தெரியாது.

அப்படிப்பட்ட என்னைத்தான் என் மனைவி மைமூனின் வாப்பா மாப்பிள்ளை எடுத்தார். அவர் கரைவலை முதலாளி. நம்முடைய பக்கத்திலிருந்து ஒரு அப்புக்காத்து வர வேண்டும், வழக்கென்று கோட்டுக்குப் போனால் நம்முடைய ஆள் எழும்பி நின்று இங்கிலீசில் கதைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சட்டம் படிக்க என்னை லண்டனுக்கு அனுப்பியவரும் அவர்தான். ஐம்பதாம் ஆண்டு கப்பலேறினேன். மைமூன் அவளுடைய வீட்டில் இருந்தாள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை போய்ச் சேர்வான் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்குள்ளவர்களுக்கு அதை எத்தனை தரம் சொன்னாலும் நம்புவதில்லை.

3

சட்டப் படிப்பென்றால் தீர்ப்புகளை வாசிப்பது. நீதிபதி முதலில் ஒரு பக்கத்து வாதத்தை எடுத்துச் சொல்வார். அதுதான் நியாயம் என்று தோன்றும்படி சொல்வார். பிறகு மற்றப் பக்கத்து வாதம். எல்லாம் முடிந்து கடைசியில்தான் தன்னுடைய முடிவைச் சொல்வார். நான் பக்கம் பக்கமாகப் பாடமாக்கிக்கொண்டு போய் முதலாவது வாதத்தையே தீர்ப்பு என்று எழுதிவிட்டு வந்தேன். வருஷ முடிவில் பெயர்கள் ஒட்டியபோது என் பெயர் இல்லை.

விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்கள் ஞாபகசக்தி ஆச்சரியமானது. ஆனால் நீங்கள் தோற்றவனுடைய வழக்கறிஞரைத் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டீர்கள்."

நூலகத்தில் போய் உட்கார்ந்து அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரியும். சேர்ந்தால் தெரியாது. கண் வரியின் மேல் ஓடும், வரியின் முடிவில் கையில் ஒன்றும் இருக்காது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கீழே கோடிட்டுப் பார்த்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பத்தொன்பது வருஷமாக நான் வாசித்ததெல்லாம் வெறும் சத்தம் என்று அங்கேதான் தெரிந்தது. இதை எழுதி ஊருக்கு அனுப்ப முடியுமா? படிப்பு நடக்கிறது என்று எழுதினேன்.

அந்தச் சமயத்தில் மாமனார் மைமூனைக் கப்பலேற்றி அனுப்பினார். நான் தனியாக இருந்தால் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்வேன் என்று யாரோ அவருடைய காதில் போட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டை விட்டுவிட்டு அவள் கிழக்கு லண்டனில் மாடியில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தாள். பகல் முழுவதும் கதைக்க ஆள் இல்லை. நான் தபால் கந்தோரில் பொதி பிரிக்கும் வேலை, பிறகு வகுப்பு, எல்லாம் முடித்துக்கொண்டு வந்தவுடன் பிடித்துக்கொள்வாள்.

"என்னத்தையாவது கதைங்களன். வாய்க்குள்ள பாசி புடிச்சுப் போகும் போல இரிக்கி."

என்னிடம் கதைப்பதற்கு என்ன இருந்தது? படித்த வழக்கைச் சொன்னேன்.

"ஒரு மேட்டுக் காணிக்காரன். ஒரு பள்ளக் காணிக்காரன். ரெண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால். மேட்டுக்காரன் அத அடைச்சுப்போட்டான்."

"மறுகா?"

"மறுகா அவன் வழக்குப் போட்டான்."

"எவன்?"

எவன் வழக்குப் போட்டது என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

"பள்ளக்காரன்" என்றேன்.

"ஓம், அவன்தானே போடணும். தண்ணி இல்லாமப் போன அவனுக்குத்தானே. என்ன தீர்ப்பு?"

"மேட்டுக்காரன்ட காணிக்குள்ள அவன் என்னவும் செய்யலாமாம்."

"அப்ப பள்ளக்காரன் என்ன செஞ்ச? சும்மா போயிட்டானா?" அவளுக்கு அந்த ஆளின் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "அவனுக்கும் பொஞ்சாதி புள்ள இரிக்கும். ஒருத்தரும் அவனுக்காக ஒண்டும் சொல்லல்லியா?"

அவளுக்குப் பதில் சொல்வதற்காக மேலும் இரண்டு தாள்களைப் புரட்டினேன். நீதிபதி அங்கேதான் தன் வாயால் பேசத் தொடங்கியிருந்தார். தீர்ப்பு பள்ளக்காரனுக்கு. அதைச் சொன்னதும் மைமூன், "அதப் பாத்திங்களா" என்று திருப்தியாக எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள்.

அவளுக்குச் சட்டம் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மனிதக் குரல் கேட்க வேண்டும், கதை என்றால் முடிவு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து வாசித்தபோது என் கண் வரியில் நிற்கத் தொடங்கியது. யார், யாரை, எதற்காக என்று கேட்டுக்கொண்டே வாசித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் சொல்ல முடியாத பக்கம் எனக்கு விளங்காத பக்கம் என்று பிடித்துக்கொண்டேன். அடுத்த தடவை முதற் பகுதியில் தேறினேன். அந்த வருஷமே பரீதா பிறந்தாள். வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் என்றால் அதுதான். அது நீடிக்கவில்லை.

4

மைமூனுக்கு இருமல் வந்தது. குளிரால் என்று நினைத்தோம். தெருவுக்கு வந்த எக்ஸ்ரே வண்டியில் படம் எடுத்தார்கள். சயரோகம் என்றார்கள். நகரத்துக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு சுகாதார விடுதியில் அவளைச் சேர்த்தார்கள்.

பரீதாவுக்கு அப்போது இரண்டு வயது. தமிழில் நாலைந்து சொல் சேர்த்துக் கதைப்பாள். தொற்று நோய் வீட்டுப் பிள்ளை, பார்க்கத் தாய் இல்லை, தகப்பன் வேலைக்குப் போகிறவன். கவுன்சிலிலிருந்து ஒரு பெண்மணி வந்து, ஒரு நல்ல குடும்பத்தில் கொஞ்சக் காலம் விடுவோம் என்றார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். தமிழ் தெரிந்த குடும்பம் ஏதாவது இருக்குமா என்றும் கேட்டேன். அவர் தாளைப் பார்த்து, அது எங்கே பேசப்படுகிறது என்று விசாரித்தார். சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதியதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குப் போவேன். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஒருமுறை வளர்ப்புத் தாயிடம் கெஞ்சிப் பரீதாவைக் கொண்டுபோய்ப் புல்தரையில் நிறுத்தினேன். மைமூன் மாடி யன்னலில் நின்று கையை ஆட்டினாள். பிள்ளை யன்னலைப் பார்க்காமல் ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

புதிய ஊசி மருந்து ஒன்று வந்திருந்தது. டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். சுவாசப்பை ஆறும், ஆனால் சிலருக்கு இந்த மருந்து செவியைக் கெடுக்கும், கெட்டால் திரும்ப வராது. உங்கள் மனைவியிடம் சொல்லி முடிவெடுங்கள் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அப்படியே தமிழில் சொன்னேன்.

"ஊசி போடாட்டி என்னவாம்?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"போடட்டும். காது போனா கண் இரிக்கிதானே. உங்கட மூஞ்சியப் பாத்து விளங்கிக்குவன்." பிறகு, "இந்தக் கிழமை என்ன வழக்கு?" என்றாள்.

ஒரு கப்பல் வழக்கைச் சொன்னேன். மாதக்கணக்கில் அப்படிச் சொன்னேன். முதலில் காதுக்குள் வண்டு இரைகிறது என்றாள். பிறகு பக்கத்துக் கட்டில்காரி இருமுவது கேட்கவில்லை, நல்ல நித்திரை வருகிறது என்று சிரித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். நிறுத்தியது அவளுக்குத் தெரிந்தது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள், அந்தப் பெரிய அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படியான சத்தத்தில்.

5

ஒன்றரை வருஷம் கழித்துச் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். சுவாசப்பை சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காது இரண்டும் முற்றாகப் போய்விட்டது.

எழுதிக் காட்டிச் சமாளிக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் பெண்கள் பலரைப் போல அவளுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆனால் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் நன்றாகத் தெரியும். ஊரில் ஒவ்வொரு பின்னேரமும் அதில் எழுதிய பாடல்களைப் பாயில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்து கேட்பார்கள். துக்கமான இடத்தில் அவளும் அழுவாள், அவர்களும் அழுவார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு தாளில் அந்த எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: நாளைக்கு மகளைக் கூட்டிவரப் போவோம்.

விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள். "நாளைக்கு... மகளைக்... கூட்டிவரப்... போவோம்." ஒவ்வொரு எழுத்தும் சரி. நான் அவள் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாளைத் திரும்பத் தந்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன எழுதியிரிக்கிங்க?"

விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கையால் காட்டினேன். வாசித்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் எந்த நாளும் கண்ணால் வாசித்ததில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், வாய் சத்தம் போடும், அந்தச் சத்தத்தைக் காது கேட்டுத்தான் அவளுக்குப் பொருள் தெரியும். தனக்குத் தானே சொல்லித் தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வாய் சொல்கிறது, கேட்க ஆள் இல்லை.

அவளும் அதை உணர்ந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "இது எனக்கு இனி வராது போல" என்றாள். கீழ்வீட்டுக்காரி எங்கள் சத்தம் பொறுக்காமல் கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினாள். மைமூனுக்கு அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பரீதாவைக் கூட்டிவந்தோம். கவுன்சில் பெண்மணி கூட வந்தார். பிள்ளை வளர்ப்புத் தாயின் கையை விடவில்லை. மைமூன் முட்டுக்காலில் இருந்து, "மகள், வாங்க மகள், உம்மாட்ட வாங்க" என்று கூப்பிட்டாள். தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை பயந்து அழுதது. ஆங்கிலத்தில் அழுதது என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் அது அப்படித்தான். வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் அழுதது. கவுன்சில் பெண்மணி என்னிடம், பிள்ளை குழம்பிப் போகாமல் இருக்கக் கொஞ்சக் காலம் ஒரே மொழியில் பேசுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்த மொழி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

6

கடைசிப் பரீட்சைக்கு நான் படித்த விதத்தை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. மைமூனுக்கு எதிரில் உட்கார்ந்து வழக்குகளைத் தமிழில் சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடையிடையே "மறுகா?" என்பாள். பொருத்தமான இடத்திலும் வரும், பொருத்தமில்லாத இடத்திலும் வரும். நான் தேறினேன்.

தேறிய செய்தி போனதும் மாமனாரிடமிருந்து கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்தது. ஊர்வலமாகக் கூட்டிப்போவதற்குச் சாய்ந்தமருதில் ஆட்கள் ஆயத்தம் என்றும் எழுதியிருந்தார். பெட்டியைக் காட்டி, கப்பலைக் கையால் காட்டி, மைமூனுக்கு விஷயத்தைத் தெரிவித்தேன். அவளுக்கு உடனே விளங்கியது.

"நான் வரல்ல" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். ஏன் என்று கையால் கேட்டேன்.

"ஊருல எல்லாரும் கதைப்பாங்க. எனக்கு முன்னாலயே இரிந்து கதைப்பாங்க, சிரிப்பாங்க. நான் ஒவ்வொருத்தர்ட வாயையும் பாத்துக்கு இரிக்கணும். எனக்குப் பாவம் பாப்பாங்க." தெருப் பக்கம் கையைக் காட்டினாள். "இஞ்ச எண்டா ஒருத்தரும் என்னோட கதைக்கிறல்ல. காது இரிந்த நேரமும் கதைக்கல்ல, இப்பயும் கதைக்கல்ல. இஞ்ச நான் செவிடி எண்டு எனக்குத் தெரியிறல்ல."

அவளுடைய வீட்டைப் பூட்டிச் சாவியை அவளுடைய தங்கையிடம் கொடுக்கும்படி எழுதினேன். கோட்டில் எழும்பி நின்று கதைக்க வேண்டிய நான் இங்கே ஒரு சொலிசிற்றருடைய கந்தோரில் பத்திரங்களை வாசித்துச் சுருக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்கிறார்கள். மாமனார் அதன் பிறகு எனக்கு எழுதவில்லை. போன வருஷம் மௌத்தானார். மைமூனிடம் வானத்தைக் காட்டி, வாப்பா என்று உதட்டால் சொன்னேன். அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள்.

உதட்டை மூடித் திறக்கும் சொற்களை அவள் பிடிப்பாள். மழை, பஸ், மருந்து, வாப்பா. வாய்க்குள்ளேயே நடந்து முடிகிற சொற்கள் தெரியாது. ஆங்கிலத்தில் அசையும் உதட்டில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. மகளுக்குத் தெரிந்த தமிழோ வா, சோறு, தண்ணி என்ற அளவில்தான். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எனக்கும் களைப்பில் அது போதும் என்று ஆகிவிட்டது.

7

மைமூனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணால் வாசிக்க. வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுடைய உதட்டில் விரலை வைப்பேன். தாளில் அதே அரபு எழுத்தில் சோறு என்று எழுதிச் சோற்றைக் காட்டுவேன். மழை என்று எழுதி யன்னலைக் காட்டுவேன். பரீதா என்று எழுதி மகளைக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்துப் பசி என்று எழுதினேன். அதற்கு அவள் சிரித்தாள், மகளும் சிரித்தாள். அந்தச் சொல் அன்றைக்கே பிடிபட்டது.

தொட்டுக் காட்டக்கூடிய சொற்கள் இப்படி ஒவ்வொன்றாக வந்தன. எழுத்துக் கூட்டாமல், பார்த்தவுடன் இன்னதென்று சொன்னாள். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் தொட்டுக் காட்ட முடியாதவை எத்தனை இருக்கின்றன? நேற்று என்பதை எதைக் காட்டி விளக்குவது? இல்லை என்பதற்கு வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டினேன். "பானை" என்றாள். கதை என்ற சொல்லுக்கு என்னென்னவோ செய்து பார்த்தேன். கடைசியில் அவளுக்குத் தலைவலி வந்து தாள்களைத் தள்ளிவிட்டாள்.

இந்த நிலையில்தான் பரீதாவின் பள்ளிக்கூடத்தில், வாசித்ததை அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கந்தோரால் வரும்போது பிள்ளை அரைத் தூக்கத்தில் இருப்பாள். ரீச்சர் அம்மாவிடம் என்று சொன்னதை நான் அப்படியே தெரிவித்ததால் பரீதாவும் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"அம்மாவுக்குக் காது கேட்காதே" என்றாள் என்னிடம், ஆங்கிலத்தில்.

"கையால் சொல்லு. முகத்தால் சொல்லு" என்றேன்.

சொன்னாள். நான் வீட்டில் இருந்த சனிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் நிற்கும் தாயின் முந்தானையை இழுத்துத் திருப்பி நிறுத்துவாள். ஆடு போனதென்றால் நாலு காலில் நடப்பாள். கமக்காரன் தேடினான் என்றால் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், வாயைத் திறந்து மூடி ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்வாள். நடித்துக் காட்ட வேண்டும் என்றால் யார் என்ன செய்தார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் வாசித்ததைத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். மூன்று கிழமையில் ரீச்சர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "கேள்விகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிட்டாள். உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

அந்த நன்றியைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று நான் மைமூனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கவலையாக இருந்தாள்.

"இந்தப் புள்ளைக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒவ்வொரு நாளும் வந்து சீலைய இழுத்து, வாயத் தொறந்து தொறந்து காட்டுது. நெஞ்சில அடிச்சுக்கிது. பள்ளிக்கூடத்தில தின்னக் குடுக்கிறல்லியா? நான் சோத்தப் போட்டுக் குடுக்கன். திண்டுட்டு மறுநாளும் வந்து அப்பிடித்தான் செய்யிது."

பரீதா கதை சொல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு கோப்பைச் சோறு கிடைத்திருக்கிறது. அவளும் ஒன்றும் சொல்லாமல் தின்றிருக்கிறாள். அம்மா கதையைக் கேட்டுவிட்டுத் தரும் பரிசு என்று நினைத்தாளாம்.

நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். இல்லை, பசி இல்லை என்று காட்டப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ட புள்ளைக்குச் சோறு குடுக்க வேணாமெண்டா சொல்லுறிங்க?"

வேறு வழியில்லாமல் தாளை எடுத்தேன். இரண்டு வருஷம் படித்திருக்கிறாள், ஒரு சிறு வசனம் பிடிபடாதா என்று நினைத்தேன். அவள் அறிந்த இரண்டு சொற்களை முன்னால் வைத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: பரீதாவுக்குப் பசி இல்லை. கதை சொல்கிறாள்.

அவள் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பழக்கத்தில் உதடு அசையத் தொடங்கியது, பிறகு சத்தமே வந்துவிட்டது. "பரீதாவுக்குப் பசி இல்லை. கதை சொல்கிறாள்." கதிரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பரீதா தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள். மைமூன் முதற் சொல்லில் விரலை வைத்து மகளைப் பார்த்தாள். அடுத்த சொல்லில் விரலை வைத்துத் தன் வயிற்றைத் தொட்டாள். பிறகு அவளுடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் விடுதிக்குப் போகும் முன்பிருந்த நாட்களில்தான் கண்டிருக்கிறேன்.

"விளங்கிட்டு" என்றாள். "பாத்திங்களா, நான் கண்ணால வாசிச்சு எனக்கு விளங்கிட்டு. எனக்குத் தெரியுமே புள்ளைக்குப் பசிதானெண்டு."

எழும்பிப்போய்ச் சோறு போட்டு, மீன் துண்டில் முள் எடுத்து வைத்து, கோப்பையை மகளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தாளையும் எடுத்து மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

பரீதா கோப்பையைப் பார்த்தாள். சற்று முன்தான் சாப்பிட்டிருந்தாள். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்:

"அம்மா இப்போது வாசித்தாவா?"

"ஓம்."

"சரியாக வாசித்தாவா?"

மைமூன் எங்கள் இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றேன். "ஓர் எழுத்தும் பிசகவில்லை."

பரீதா கரண்டியை எடுத்தாள்.